சொந்த விருப்பத்தில் வீடு சென்றவர்கள்

அறுபத்திரண்டு ஆபரேஷன், சாவு பூஜ்யம். இந்த ஒரு வரிக்காகத் தேனி புறவழிச் சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். வெட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்த வரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் ஜாய்ஸ். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் கேக் தொண்டையில் இறங்கவில்லை. சர்க்கரை கூடிப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். தென்மாவட்டங்களில் ஐந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் விவரத்தை எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். நோய் தெரிந்து எத்தனை நாளில் ஆபரேஷன் நடந்தது, குடலை வெட்டி இணைத்த இடம் கசிந்ததா, முப்பது நாளுக்குள் செத்தவர் எத்தனை பேர். ஒரே நோய், ஒரே ஆபரேஷன், பிறகு ஏன் ஓர் இடத்தில் பிழைக்கிறவன் இன்னோர் இடத்தில் சாகிறான் என்று பார்ப்பதற்கு. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருஷம் வார்டில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போன ஜாய்ஸ் சிஸ்டரை ரெக்கார்ட் ரூமில் உட்கார வைத்து இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

கேக் இறங்காததற்குக் காரணம் அவளுடைய தம்பி செல்வின். போடி கடைவீதியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறான், நாற்பத்து மூன்று வயது. மலக்குடலில் கட்டி. மதுரையில் ஐந்து வாரம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக் கட்டியைச் சுருக்கியாகிவிட்டது, இனி வெட்டி எடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் தேதி. ஜாய்ஸின் ஆஸ்பத்திரியில்தான், டாக்டர் கார்த்திக்ராஜ்தான் செய்யப்போகிறார். அதில் ஒரே ஓர் இழுபறி. குடலை இணைத்த இடம் ஆறுகிறவரைக்கும் மலம் அந்தப் பக்கம் போகாதபடி, வயிற்றில் ஒரு துளை போட்டுப் பை ஒட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் துளையை மூடிவிடலாம். செல்வின் அந்தப் பை வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"வயித்துல பையத் தொங்கவிட்டுக்கிட்டு ஏல ஹால்ல போயி உக்காரவா? பக்கத்துச் சீட்டுக்காரன் மூக்கப் பொத்துவான்க்கா. சர்ச்சுல கொயர்ல மொத வரிசையில நிக்கிறவன் நான்."

"ஏலே, மூணு மாசந்தாம்ல."

"ஒங்க ஆஸ்பத்திரியில சாவே ஜீரோன்னு நீதான சொன்ன? பை வேணாம்னு சொன்னவுகளும் அந்த அறுவத்திரண்டு பேர்ல இருப்பாகல்ல? அவுகளும் சேந்துதான ஜீரோ? பெறகு எனக்கு மட்டும் எதுக்கு?"

வியாபாரி அல்லவா, கணக்கு மடக்கென்று வந்துவிட்டது. டாக்டரும் இதே பாட்டுதான். "பிடிக்காதவங்களை நான் கட்டாயப்படுத்துறதில்லை சிஸ்டர். அதனால நமக்குக் கெடுதல் ஒண்ணும் வந்துடலையே, நீங்கதான் பார்க்கிறீங்களே" என்றார். அவரும் அந்தப் பூஜ்யத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஜாய்ஸுக்கு மட்டும் ஐந்து பேர் உறுத்தினார்கள். படிவத்தில் அவர்களுக்கு நேராக, "சொந்த விருப்பத்தில் வீடு சென்றார்" என்று இருந்தது. வெளியூர்க்காரர் படித்தால், ஏதோ கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். இந்தப் பக்கத்துக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இனி தேறாது என்று தெரிந்துவிட்டால், சொந்தக்காரர்கள் நாலு பேர் டாக்டர் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "வீட்டுக்குக் கொண்டு போறோம்யா" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. வெளியில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், எல்லாச் சடங்கும் வாசலோடு முடிந்துவிடும். அதனால் மூச்சு இருக்கும்போதே ஆக்சிஜன் வைத்த வண்டியில் ஏற்றி வீடு சேர்த்துவிட வேண்டும். வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் இதில் விலக்கில்லை. ஜாய்ஸின் அப்பாவையே அப்படித்தான் போடிக்குக் கொண்டுவந்தார்கள். பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார், பத்தரைக்கு அடங்கினார். நல்லபடியாக வந்து சேர்ந்தார் என்று ஊரே திருப்தியாகப் பேசியது.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்த ஐந்து பேரையும் படிவத்தில் ஏற்றினாள். ஏற்றும்போது ஒரு தடவைகூட அது சாவு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்கேன் எடுக்கும் முன்பே கிளம்பியவர்கள், கசிவுக் கட்டம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போனார்கள், எழுதினாள். சொந்த விருப்பத்தில் போனவர்களுக்கு முப்பதாம் நாள் போன் செய்ய வேண்டியதில்லை என்று விதியும் இருந்தது, செய்யவில்லை. பழகிப்போன சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? தம்பி அந்தப் பூஜ்யத்தை எடுத்துப் பேசிய அன்றைக்குத்தான் அவள் திறந்து பார்த்தாள்.

போனில் கேட்கிற காரியம் இல்லை இது. டாக்டரிடம், "அந்த அஞ்சு பேரை நேர்ல பார்த்துட்டு வந்துடுறேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சனிக்கிழமை கடமலைக்குண்டுக்குக் கிளம்பினாள். செல்வின் தானாகவே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"வா, நானே கூட்டிட்டுப் போறேன். பாத்துட்டு வந்து, எந்தம்பிக்குப் பை தேவையில்லன்னு நீயே டாக்டர்ட்டச் சொல்லுவ, பாரு."

"வண்டிய விட்டு எறங்கக் கூடாது. இது ஆஸ்பத்திரி வேல" என்றாள் ஜாய்ஸ்.

ராமுத்தாய் வீட்டு முற்றத்தில் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வீரணன்தான் அந்த ஐவரில் முதல் ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் கோபப்படுவாள், நாலு வார்த்தை திட்டுவாள் என்று ஜாய்ஸ் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தாள். ராமுத்தாயோ எழுந்து மேலெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுச் சேர் எடுத்துப் போட்டாள்.

"ஒக்காரு ஆத்தா. கார்ல ஒருத்தர் இருக்காக போல, அவுகளையும் கூப்புடு. வெயில்ல என்னத்துக்கு?" கூப்பிட்டே விட்டாள். செல்வின் வந்து மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

"ஒங்க டாக்டரு மகராசன்" என்றாள் ராமுத்தாய். "கேட்ட ஒடனே விட்டாரு. வண்டிக்காரரும் பறந்து வந்தாரு. இங்கன கொண்டாந்து படுக்க வச்சு ரெண்டு வாய் பாலு ஊத்துனோம், வாங்கிக்கிட்டாக. அதுக்குப் பெறகுதேன் போனாக. உசுரோட வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்ல, அதுல ஒரு கொறையும் இல்ல."

"ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருந்தாருங்க?"

"அஞ்சு நா எந்திரிச்சு நடந்தாக. காப்பி குடிச்சாக. ஆறாம் நாளு குளுரு காய்ச்சலு. வயிறு கல்லாட்டம் ஆயிப்போச்சு."

"பை வச்சிருந்தாகளா?"

"இல்ல. டாக்டரு கேட்டாரு. தோட்டத்துல குனிஞ்சு நிமிர்ற மனுசனுக்குப் பையி என்னத்துக்குன்னு நாந்தேன் வேணாம்னேன்." சொல்லிவிட்டு அவள் கையில் இருந்த இலவங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏம் ஆத்தா, அத வச்சிருந்தா இருந்திருப்பாகளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம், அது அந்தப் பொம்பளைக்கு ஆறுதல். ஜாய்ஸுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலைங்க. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

"பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் ராமுத்தாய்.

கார் கண்டமனூரைத் தாண்டியது. அப்புறம் செல்வின் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "மூட்டையில மேலாப்புல மட்டும் எட்டு மில்லி பெரிய காயப் பரப்பிவச்சு, அடியில சொத்தையப் போட்டு விக்கிறவன எங்க வீதியில என்ன சொல்லுவாக தெரியுமா?"

"தெரியும்ல. சொல்லாத."

"நீ அதத்தேன் செஞ்சிருக்க."

ஜாய்ஸுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் மட்டும் என்ன, வீரணன் எழுந்து வந்துவிடப்போகிறாரா? செல்வின் வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "ஒன்னிய வையலக்கா. எனக்குப் பயமாருக்கு, அதான்" என்றான். நோய் வந்த நாளிலிருந்து அவன் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

அந்த வாரம் ஜாய்ஸ் தனியாகவே பஸ் பிடித்து மூன்று வீடுகளுக்குப் போனாள். வீரபாண்டியில் ஒன்று, சின்னமனூரில் ஒன்று, கம்பத்தில் ஒன்று. மூன்று வீட்டிலும் மாலை போட்ட படம்தான் வரவேற்றது. வீரபாண்டிக்காரருக்கு மாரடைப்பு, அது வேறு கதை. மற்ற இருவரும் வீரணன் மாதிரியேதான். ஐந்து நாள் நல்லபடி, ஆறாம் ஏழாம் நாள் காய்ச்சல், அதாவது இணைத்த இடம் கசிந்திருக்கிறது, பை இல்லை. சொந்தக்காரர்கள் வேண்டாமென்றார்கள், டாக்டர் சரியென்றார்.

இதையெல்லாம் செல்வினிடம் சொன்னாள். அவனா மசிகிறவன்? "அவுகளுக்கெல்லாம் அறுவது தாண்டியிருச்சுக்கா. எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்றான். தேதிக்கு நாலே நாள்தான் பாக்கி. ஐந்தாவது ஆள் அனுமந்தன்பட்டி மொக்கைச்சாமி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செல்வினே காரை எடுத்தான்.

வீடு பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் கை காட்டினார்கள். திராட்சைப் பந்தலுக்கடியில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறிக் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மொக்கைச்சாமி வீட்டுக்காரம்மாவைப் பார்க்கணும்" என்றாள் ஜாய்ஸ்.

"அவ மகளப் பாக்கப் போயிருக்கா. நாந்தேன் மொக்கைச்சாமி. என்ன சோலி?"

ஜாய்ஸ் பந்தல் கல்காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்டூலை விட்டு இறங்கி வந்தார்.

"ஆஸ்பத்திரியா? செத்துப்போனேன்னு எழுதிட்டீகளாக்கும்?"

"இல்லைங்க. வீட்டுக்குப் போனீங்கன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான தாயி!" என்று அவர் சிரித்தார். "கொண்டாந்து போட்டாக. சொந்தபந்தம் பூராம் வந்து உக்காந்துட்டாக, பந்தல்காரனுக்கு ஆள் போயிருச்சு. ராத்திரி முழுக்கப் பாத்துருக்காக, உசுரு போற வழியக் காணோம். விடிஞ்சதும் நீச்சத்தண்ணி கேட்டேனாம். எம் மச்சினன் வினோத்ராஜு ஆடிப்போயிட்டான். தண்ணி கேக்குற மனுசன எம்புட்டு நேரம் இப்புடி வச்சுப் பாக்குறதுன்னு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடிட்டான். அங்கன வயித்தத் தொறந்து கழுவி, பைய வச்சு விட்டாக. மொதல்லயே வச்சிருந்தா இம்புட்டுப் பாடு இல்லன்னாக."

செல்வின் மெல்ல முன்னால் வந்தான். "இப்ப மூடியாச்சாண்ணே?"

"எங்க! திராட்ச வெட்டு முடியட்டும்னு தள்ளிப்போட்டேன். ரெண்டு வெட்டு முடிஞ்சும் போச்சு." அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வேட்டிக் கட்டுக்குக் கொஞ்சம் மேலே, வலது பக்கம், பை தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "நாத்தம் அடிக்காதாண்ணே?"

"இம்புட்டு நேரம் எம் பக்கத்துலதான நிக்கிற. அடிச்சுச்சா?"

காரில் ஏறுமுன் செல்வின் தன் இடுப்பில் வேட்டிக் கட்டு இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு தாளை டாக்டர் மேஜையில் வைத்தாள். ஆபரேஷன் அறுபத்திரண்டு, சாவு நாலு. நாலில் மூன்று பேருக்குக் கசிவு, மூவருக்கும் பை இல்லை. ஐந்தாவது ஆள் மதுரையில் பை வைத்துப் பிழைத்தார். டாக்டர் கார்த்திக்ராஜ் தாளைப் படித்தார், மறுபடி படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"அவங்க விருப்பத்துலதான் போனாங்க சிஸ்டர். நான் போகச் சொல்லலை."

"ஆமா சார். நானும் படிவத்துல இருந்ததைத்தான் எழுதுனேன்."

"இதை அனுப்பினா அஞ்சு ஆஸ்பத்திரியில நாமதான் கடைசி. மத்த நாலு பேரும் இப்படித்தான் எழுதுறாங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்? நாம மட்டும் போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

ஜாய்ஸ் குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை நீங்க என் தம்பி வயித்தைத் திறக்கப்போறீங்க சார். அவனுக்குப் பை வேண்டாம்னு சரி சொன்னீங்க. இந்தத் தாள் அன்னைக்கே உங்க கையில இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

மனுஷன் நல்லவர்தான், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனதை அவர் ஒன்றாகக் கூட்டிப் பார்த்ததே இல்லை. அந்த மூன்று பேரின் பெயரையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"மூணு பேருக்கும் நான்தான் சரின்னேன்" என்றார். "அனுப்பிடுங்க. இனிமே யார் எப்படி வீட்டுக்குப் போனாலும் முப்பதாம் நாள் விசாரிக்கணும். மத்த ஆஸ்பத்திரிக்கும் நான் எழுதுறேன்."

"வீரணன் வீட்டம்மா கேட்டாங்க சார். பை வச்சிருந்தா அவர் இருந்திருப்பாரான்னு. பார்த்துட்டு வந்து சொல்லச் சொன்னாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்திருக்கலாம். நானே போய்ச் சொல்றேன். நீங்களும் கூட வாங்க, எனக்குத் தனியாப் போகத் தைரியம் இல்லை."

செவ்வாய்க்கிழமை போனார்கள். ராமுத்தாய் முழுதும் கேட்டாள். கடைசியில், "இனி வர்றவுகளுக்காச்சும் கண்டிச்சுச் சொல்லுங்க. எங்களுக்கு என்ன தெரியும், நீங்கதான சொல்லணும்" என்றாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார்.

புதன்கிழமை செல்வினை அட்மிட் செய்தார்கள். டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பை ஏன் வேண்டும் என்று நாலு பேரின் கதையிலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தார். செல்வின் அவரைப் பேச விடவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றான்.

"நான் வேட்டி இந்த எடத்துல கட்டுவேன் டாக்டர். அதுக்கு மேலயா, கீழயா? பாத்துக் குறிங்க."

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். மடிப்பு விழாத இடமாகப் பார்த்துப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். ஜாய்ஸ் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அஞ்சு நாள் செல்வின் எழுந்து நடந்தான், காப்பி குடித்தான். ஆறாம் நாள் மத்தியானம் குளிர் எடுத்தது. காய்ச்சல் நூற்று மூன்று. ஸ்கேனில், இணைத்த இடத்தில் கசிவு என்று வந்தது. நாசமாய்ப் போன ஆறாம் நாள், வேறு நாளே கிடைக்கவில்லையா அதற்கு! செல்வின் மனைவி கிருபாவதி பித்துப் பிடித்தவளாக உட்கார்ந்திருந்தாள். போடியிலிருந்து வந்திருந்த சித்தப்பா பொன்னுராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஜாய்ஸை ஓரமாகக் கூப்பிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

"ஏத்தா, முடியாத கட்டம்னா சொல்லிரு. காலத்தோட வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்."

"யாரும் எவனையும் எங்கயும் கொண்டு போகல" என்றாள் ஜாய்ஸ். அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. "அவனுக்குப் பை இருக்கு. கசிஞ்சாலும் உள்ள மலம் போகாது. மருந்து ஏறுது, உள்ள இருக்குற சீழ் குழாய் வழியா வெளிய வருது. நீங்க போயி சாப்பிட்டுட்டு வாங்க சித்தப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றும் மறுநாளும் அவள் பட்டபாடு கர்த்தருக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் செல்வின் இட்லி கேட்டான், சட்னி கேட்டான், சட்னியில் உப்பில்லை என்று கிருபாவதியோடு சண்டைக்கும் போனான்.

ஜாய்ஸ் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அறுபத்து மூன்றாவது படிவத்தைத் திறந்தாள். வயது நாற்பத்து மூன்று, ஊர் போடி. கசிவு உண்டா என்ற இடத்துக்கு வந்தாள். ஆம் என்று அழுத்தினாள். இந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் இன்னொரு குறை ஏறியது, ஏறட்டும்.

அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து செல்வினின் குரல் வந்தது. கொயரில் முதல் வரிசையில் நின்று பாடுகிற தொண்டை. கீழ்மாடி, மேல்மாடி, மருந்துக் கடை வரிசை அத்தனைக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா! பை நெறஞ்சுபோச்சு, யாரையாச்சும் வரச் சொல்லு!"

ஜாய்ஸ் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.